பட்டப்பெயர் வைக்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

வேலையிடத்துப் பட்டப்பெயர்கள் பல, கேலி செய்யும் எண்ணத்தில் பிறப்பதில்லை. ஒரே பிரிவில் இரண்டு கணேசன்கள் இருந்தால் யாரைச் சொல்கிறோம் என்று காட்டுவதற்காகப் பிறக்கின்றன. ‘ஸ்டோர் கணேசன்’, ‘தேனி கணேசன்’ என்று பிரிவையோ ஊரையோ முன்னால் சேர்த்தால் தீர்ந்துவிடும் தேவைக்கு, கண்ணில் பட்ட வழுக்கையைப் பிடித்துக்கொண்டு ‘சொட்டை கணேசன்’ என்று வைப்பதுதான் முதல் தவறு.

‘அவரே சிரிக்கிறாரே’ என்று சமாதானம் சொல்லிக்கொள்வது அதைவிடப் பெரிய தவறு. முகம் சுளித்தால் அந்தப் பெயர் இன்னும் இறுகிவிடும் என்பது அவருக்கும் தெரியும்; அதிலும் புதிதாகச் சேர்ந்தவரோ ஒப்பந்தத் தொழிலாளியோ என்றால், சிரித்து வைப்பதைத் தவிர அவருக்கு வேறு வழியிருக்காது. ஆகவே அவருடைய சிரிப்பைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அதே பெயரைச் சூப்பர்வைசரும் ஒருமுறை சொல்லிவிட்டால், நண்பர்களுக்குள் இருந்த கேலி நிர்வாகத்தின் ஒப்புதல் பெற்றதாகிவிடுகிறது. கைப்பேசியில் ‘சொட்டை’ என்றே எண்ணைப் பதிந்து வைத்திருப்பவர், வாடிக்கையாளர் கேட்டதும் அந்தப் பதிவை அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவதும் நடக்கிறது.

பெயர் சூட்டப்பட்டவர் எல்லோர் முன்னிலையிலும் வெடிப்பதில் பயனில்லை. மறுநாள் அந்தக் கோபத்தையே நடித்துக் காட்ட ஆள் இருப்பார்கள். முதலில் ஆரம்பித்தவரைத் தேநீர் இடைவேளையில் தனியாகப் பார்த்து, “அண்ணே, கணேசன்னே கூப்பிடுங்க, இது வேண்டாம்” என்று சொல்லிவிட்டு, அதன்பின் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்காமல் இருப்பது பலன் தரும். கொஞ்சம் பொறுமை வேண்டும்.

எல்லாவற்றையும் கேலிக் கணக்கில் சேர்ப்பதும் தவறு. மாற்றுத்திறனாளி ஒருவரைப் பிறர் காணும் இடத்தில் வேண்டுமென்றே இழிவுபடுத்துவது 2016ஆம் ஆண்டுச் சட்டப்படியும், பட்டியல் சாதியினர் அல்லது பழங்குடியினர் ஒருவரை அவ்வாறே சாதிப் பெயரால் பிறர் ஏசுவது 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படியும், 6 மாதம் முதல் 5 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றங்கள். பெண் ஊழியரைப் பாலியல் சாயலோடு கேலி செய்தால், 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி அவர், இத்தகைய புகார்களை விசாரிக்க நிறுவனத்துக்குள் அமைக்கப்படும் உள்ளகக் குழுவிடம், சம்பவம் நடந்த 3 மாதத்துக்குள் எழுத்து மூலம் புகார் அளிக்கலாம். புகாரில் ‘தரக்குறைவாகப் பேசினார்’ என்று பூசி மெழுகாமல், சொன்ன சொல்லை அப்படியே எழுதி, தேதியையும் உடனிருந்தவர்களின் பெயர்களையும் குறிப்பிட வேண்டும்.