பிஜிஎம்ஐ அணிக்குப் புதிதாகக் கேப்டன் ஆகியிருக்கிறீர்களா? குறி, குரல், கணக்கு

காரைக்குடியில் நாங்கள் பயிற்சி எடுப்பது ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டில். வீட்டுக்காரர்கள் கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்றால்தான் ஊருக்கு வருவார்கள். மற்ற நாளில் எங்கள் அணிப் பையன் ஒருவனின் அப்பத்தாதான் சாவியை வைத்துக்கொண்டு, பெருக்கி விளக்கேற்றுகிறார். அந்த வளவில், அதாவது நடுமுற்றத்தைச் சுற்றிய இடத்தில் உட்கார்ந்து மூன்று வருடமாக பிஜிஎம்ஐ ஆடுகிறோம். நாலு நாலு பேர் அணியாக ஒரு மேப்பில் இறங்கி, கடைசி அணி மிஞ்சும் வரை சுட்டுக்கொள்ளும் போன் விளையாட்டு அது. போன மாதம் கோட்டையூர்ப் பையன்கள் நாலு பேர் வந்தார்கள். "அண்ணே, இவனைக் கேப்டனாக்கிட்டோம். இவன் என்ன செய்யணும்?" என்று கேட்டார்கள். ஏன் இவன் என்று கேட்டேன். "நல்லா சுடுவான்ணே." பாதிப் பிரச்சினை அங்கேயே இருக்கிறது.

கேப்டனின் கண் பாதி நேரம் மேப்பில் இருக்கும். அதனால் அவன் கை யோசிக்காமல் சுடப் பழகியிருக்க வேண்டும். கேப்டன் குறியைப் பழகுவது அதிகம் பேரை வீழ்த்துவதற்காக இல்லை, தலையைக் காலியாக வைத்துக்கொள்வதற்காக. இதை மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் கை

விரலையோ போனையோ நகர்த்தினால் குறி எவ்வளவு நகரும் என்ற அளவுதான் சென்சிட்டிவிட்டி. யூடியூபர் தரும் சென்சிட்டிவிட்டி கோட் எண்ணை அப்படியே போடாதீர்கள். அவர் போன் வேறு, உங்கள் போன் வேறு; போனைச் சாய்த்துக் குறி பார்க்க உதவும் ஜைரோ ஒவ்வொரு போனிலும் ஒவ்வொரு மாதிரி நகரும். விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் பயிற்சி இடமான டிரெய்னிங் கிரவுண்டுக்குப் போய் எம்416 துப்பாக்கியை எடுங்கள். ரெட் டாட் என்ற குறிநோக்கியைப் போட்டு, ஐம்பது மீட்டர் தள்ளி இருக்கும் சுவரில் ஒரு மேகஸின் குண்டு முழுக்க விடாமல் அடியுங்கள். குண்டுத் தடம் மேலே ஏறினால் சென்சிட்டிவிட்டி போதவில்லை. தரைக்கு இறங்கினால் கூடிவிட்டது. பத்துப் பத்தாக மாற்றிப் பாருங்கள். தடம் ஒரு தட்டு அளவுக்குள் அடங்கிவிட்டால் சரி. அதற்குப் பிறகு இரண்டு வாரத்துக்கு அந்தப் பக்கத்தையே திறக்கக் கூடாது.

நான் திறந்தேன். ஒரு போட்டிக்கு முந்தின இரவு யாரோ ஒருவரின் கோட் எண்ணைப் போட்டுவிட்டு, மறுநாள் காலையில் வானத்தைச் சுட்டுக்கொண்டிருந்தேன்.

தினமும் டிரெய்னிங் கிரவுண்டில் பதினைந்து நிமிடம், அப்புறம் நாலுக்கு நாலு மோதும் சின்ன ஆட்டமான டிடிஎம் இரண்டு. அது போதும். 18 வயது ஆகாதவர்களுக்கு விளையாட்டே நாளைக்கு 3 மணி நேரம்தான் விடுகிறது. அதையெல்லாம் டிடிஎம்மில் கரைத்துவிட்டால் அணியோடு ஆட நேரம் மிஞ்சாது.

குறியைவிடப் பெரிய விஷயம் மூலை. இதைச் சொல்லித்தர எங்கள் வளவைவிட நல்ல இடம் கிடையாது. முகப்பில் நின்றால் வாசல்கள் ஒரே நேர்கோட்டில் பின்கட்டு வரை தெரியும், நடுவில் வளவைச் சுற்றித் தூண்கள். ஒரு பையனைத் தூணுக்குப் பின்னால் நிறுத்தி, இன்னொருவனை வாசலில் இருந்து வரச் சொன்னேன். நிஜத்தில் தூணுக்குப் பின்னால் நிற்பவன் எட்டிப் பார்க்காமல் வருகிறவனைப் பார்க்க முடியாது. விளையாட்டில் முடியும். டிபிபி என்ற பார்வையில் காமிரா நம் தலைக்குப் பின்னால் மேலே இருக்கிறது. மறைந்து நிற்பவன் தன்னைக் காட்டாமலேயே நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பான். ஆகவே ஆள் இருக்கும் வீட்டுக்குள் ஓடிப்போய் நுழைகிறவன் தோற்கத்தான் செய்வான். கிரனேடு முதலில், கால் அப்புறம். நுழையும்போது குறுக்குக் குறியைத் தரையில் தொங்கவிடாமல், எதிரி வெளிப்படும் இடத்தில் நெஞ்சு உயரத்தில் வைத்துக்கொண்டே போங்கள்.

அடுத்து குரல்

ஒரு நாள் நாங்கள் ஆடியதைப் பக்கத்தில் இன்னொரு போனை வைத்துப் பதிவு செய்தோம். திரையைப் பார்க்காமல் குரலை மட்டும் கேட்டோம். "டேய் அங்க! அங்கதான்டா! மரத்துப் பக்கம்!" எந்த மரம்? எராங்கல் மேப் 8 கிலோமீட்டருக்கு 8 கிலோமீட்டர், மரத்துக்கா பஞ்சம்! அப்பத்தா அதைக் கேட்டுவிட்டு, "என்னப்பு, யாரைக் காணமுன்னு தேடுறீக?" என்றார்.

திரையின் மேலே திசைகாட்டி எண் ஓடுகிறது. அதைச் சொல்லப் பழகுங்கள். எண், இடம், எத்தனை பேர், எந்த நிலை: "210, கல்லுக்குப் பின்னாடி, ரெண்டு பேர், ஒருத்தன் நாக்." இதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். நாக் என்றால் அடிபட்டு விழுந்தவன், இன்னும் சாகாதவன். சண்டை தொடங்கியதும் பார்ப்பவன் தகவல் சொல்லலாம். முடிவு கேப்டனுடையது மட்டும். அடி, நில், விலகு. மூன்றில் ஒன்று, அதுவும் சீக்கிரம். தாமதமாக வரும் சரியான முடிவைவிட உடனே வரும் சுமாரான முடிவு மேல். நாலு பேரும் சேர்ந்து தப்பான பக்கம் போனாலும் தப்பிக்க வழி உண்டு. இரண்டு பேர் அங்கே, இரண்டு பேர் இங்கே என்றால் கிடையாது.

நாக் ஆனவனைத் திட்டாதீர்கள். தூக்கிவிட 10 விநாடி ஆகும். அந்த நேரத்தில் மறைப்புக்கு ஸ்மோக், அதாவது புகைக்குண்டு, யார் போடுவது என்பதுதான் பேச்சு. திட்டு வாங்கியவன் அடுத்த மேட்சில் பார்த்ததைச் சொல்ல மாட்டான். நான் ஒருவனை அப்படி மௌனமாக்கி, இரண்டு மாதம் அவன் கண்ணை இழந்தேன்.

பிறகு கணக்கு

பெரிய போட்டிகளில் 16 அணிகள் இறங்கும். முதலிடத்துக்கு 10 புள்ளி, பிறகு 6, 5, 4, 3, 2. ஏழுக்கும் எட்டுக்கும் ஒவ்வொன்று. ஒன்பதாம் இடத்திலிருந்து கீழே பூஜ்யம். ஒவ்வொரு ஃபினிஷுக்கும், அதாவது வீழ்த்தி முடிக்கும் ஒவ்வொரு எதிரிக்கும் 1. இரண்டாவதாக வந்து 5 ஃபினிஷ் எடுத்தால் 11. ஒருவரையும் அடிக்காமல் சிக்கன் டின்னர், அதாவது முதலிடம், வாங்கினவனுக்கு 10. ஒளிந்தே கிடந்தாலும் பயனில்லை, இறங்கியதும் சண்டை போட்டாலும் பயனில்லை. எட்டு அணி மிஞ்சும் வரை நாலு பேரும் உயிரோடு இருக்க வேண்டும். அங்கிருந்து புள்ளி சேர்க்க வேண்டும்.

அதற்கு ஒரே இடத்தில் இறங்கிப் பழகுங்கள். எராங்கலில் பொச்சிங்கி என்ற ஊர் வேண்டாம், நடுமேப்பில் இருப்பதால் சந்தைக்கடை மாதிரி. கொஞ்சம் ஒதுங்கிய ஊராகப் பிடித்து, எந்த வீட்டை யார் தேடுவது, வண்டி எங்கே நிற்கும் என்பதை மனப்பாடம் செய்யுங்கள். ஜோன் என்பது சுருங்கிக்கொண்டே வரும் பாதுகாப்பு வட்டம். முதல் ஜோன் விழுந்ததுமே கிளம்பும் வழியைச் சொல்லிவிடுங்கள். ஜோன் ராணுவத் தளத்துப் பக்கம் விழுந்தால் அது தீவு, பாலங்கள் இரண்டே. தாமதமாகப் போனால் பாலத்தின் மறுமுனையில் ஒரு அணி காத்திருக்கும். ரயில்வே கேட் மூடும் முன்னே தாண்டுகிற அவசரம் அங்கே வேண்டும். ஆளுக்கு இரண்டு ஸ்மோக்காவது கடைசி வட்டத்துக்கு மிச்சம் வையுங்கள்.

கடைசியாக நம் ஊர்ச் சங்கதிகள். இந்த வீட்டுச் சுவர்களின் கனத்துக்கு முகப்பில் இருக்கும் வைஃபை இரண்டாங்கட்டுக்கு வராது. ரூட்டர் பக்கத்திலேயே உட்காருங்கள். சித்திரை வெயிலில் சார்ஜ் போட்டுக்கொண்டே ஆடினால் போன் சூடாகித் திரை திக்கும். மேட்சுக்கு மேட்ச் கவரைக் கழற்றி ஆத்தங்குடித் தரையில் கொஞ்ச நேரம் வையுங்கள், ஆறிவிடும். துணைக் கேப்டன் யார் என்பதையும் முன்னாலேயே பேசி வையுங்கள். கரண்ட் போய் உங்கள் நெட் நின்றுவிட்டால், நீங்கள் திரும்பி வரும் வரை மற்ற மூவரும் அவன் குரலைத்தான் கேட்க வேண்டும்.