வார் பிய்ந்த பிறகு வாங்கிய பை

விமானம் ஏற வரிசையில் நின்றபோது என் பழைய பையின் தோள் வார் தையலோடு பிய்ந்தது. மீதிப் பயணம் முழுக்க அதைக் கைக்குழந்தை மாதிரி இடுப்பில் சுமந்தேன்.

வீட்டுக்கு வந்து பிய்ந்த இடத்தைப் புரட்டிப் பார்த்தால், துணிக்கு ஒன்றும் ஆகவில்லை. வாரை ஒற்றை வரித் தையலோடு விட்டிருந்தார்கள். வாங்கும்போது நான் பார்த்தது டெனியர் எண்ணை மட்டும்தான். 9,000 மீட்டர் நூல் எத்தனை கிராம் என்பதே டெனியர். நூலின் கனத்தைச் சொல்லும். தையலைப் பற்றி ஒன்றும் சொல்லாது.

இந்த முறை கடையில் பையைத் திறந்து உள்பக்கத்தைப் பார்த்தேன். வார் சேரும் இடத்தில், முன்னும் பின்னும் நெருக்கமாக ஓடும் பார்டாக் தையல் இருந்தது. உள் ஓரங்களையும் நாடா வைத்து மூடியிருந்தார்கள். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பரவாயில்லை. மூலை வளைவில் ஜிப்பை ஒற்றைக் கையால் இழுத்தேன், சிக்கவில்லை.

அப்புறம், வார்களை முதுகுப்புற உறைக்குள் தள்ளிக் கைப்பெட்டியாக மாற்றும் வசதி. காலியாக இருக்கும்போது எல்லாப் பையும் சமர்த்தாக மாறும். நான் உள்ளே துணிகளைத் திணித்துவிட்டு மாற்றிப் பார்த்தேன். முதலில் எடுத்த பை அதிலேயே தோற்றது. உறையின் ஜிப் பாதியில் நின்றுவிட்டது.

கடைசியில் வாங்கிய பையின் அளவு 55 × 40 × 20 செ.மீ. பல விமானங்களில் கைப்பைக்கு 7 கிலோதான் வரம்பு. இந்தப் பையே ஒன்றரை கிலோ. கழற்றக்கூடிய இடுப்பு வாரை வீட்டிலேயே வைத்துவிட்டேன்.