மலையில் சின்னத் தொழில் செய்கிறவர்கள் சாஃப்ட்வேர் செய்ய ஆள் தேடும்போது

குன்னூர், கோத்தகிரி பக்கம் யாராவது "சாஃப்ட்வேர் ஒண்ணு பண்ணணும், நல்ல ஆள் இருந்தா சொல்லுங்க" என்று கேட்டால், "தனியாக எழுதித்தான் ஆக வேண்டுமா?" என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். பலருக்கு அங்கேயே வேலை முடிந்துவிடும். வர்க்கி, சாக்லேட், தைலம் விற்கிற கடையில் பில் போட வேண்டும், இருப்பு தெரிய வேண்டும், மாதக் கடைசியில் ஜிஎஸ்டி கணக்கு ஆடிட்டருக்குப் போக வேண்டும், அவ்வளவுதான் என்றால் டேலி இருக்கிறது, ஜோஹோ புக்ஸ் இருக்கிறது. நான்கு அறை வைத்து ஹோம்ஸ்டே நடத்துகிறவருக்கு ஒரே அறை ஒரே நாளில் இரண்டு புக்கிங் இணையதளங்களில் விற்றுப் போகிற தலைவலி உண்டு, உண்மைதான். அதற்கு சேனல் மேனேஜர் என்று மாதச் சந்தாவுக்கே கிடைக்கிறது. அதை ஒருவரை உட்கார வைத்து முதலிலிருந்து எழுதச் சொல்வது காசைக் கரியாக்கும் வேலை.

அப்படியானால் தனியாக எழுத வேண்டிய தேவை யாருக்கு வருகிறது? உங்கள் தொழிலின் கணக்கு வேறு எந்த ஊர்க் கணக்கோடும் ஒத்துப்போகாதபோது. பச்சைத் தேயிலை வாங்கி ஃபேக்டரிக்கு அனுப்பும் ஏஜென்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மூட்டையை எடை போட வேண்டும், சாக்கு எடையைக் கழிக்க வேண்டும், மழை நாளில் இலை நனைந்திருந்தால் அதற்கும் ஒரு கழிவு. எடை போடும் நாளில் இறுதி விலை தெரியாது, தேயிலை வாரியம் மாதாமாதம் அறிவிக்கும் விலையை ஒட்டித்தான் கணக்கு முடியும். நடுவில் விவசாயி வாங்கிய முன்பணம், உரக் கடன், வீட்டு விசேஷத்துக்கு வாங்கிய கைமாற்று எல்லாம் கழிய வேண்டும். அண்ணன் பெயரில் இருக்கும் தோட்டத்து இலையைத் தம்பி கொண்டுவந்து போடுவார், பணம் அண்ணி கணக்குக்குப் போக வேண்டும். இதைக் கடையில் விற்கும் எந்த பில்லிங் சாஃப்ட்வேரிலும் அடைக்க முடியாது. இந்த மாதிரி சிக்கல் இருந்தால் மட்டும் மேலே படியுங்கள்.

ஆளைத் தேடுவதற்கு முன்னால் ஒரு தாளில் உங்கள் வேலையை எழுதுங்கள், தமிழிலேயே எழுதுங்கள். "ஆப் வேணும், டேஷ்போர்டு வேணும்" என்று எழுதாதீர்கள், காலையில் கடை திறந்ததிலிருந்து யார் என்ன எழுதுகிறார்கள், எந்த நோட்டில், அதை அப்புறம் யார் பார்க்கிறார்கள், எங்கே சண்டை வருகிறது என்று எழுதுங்கள். சண்டை வருகிற இடம்தான் முக்கியம். "போன மாசம் என் கணக்கில் ஒரு மூட்டை குறையுது" என்று ஒருவர் வந்து நிற்கும்போது எதைக் காட்டி பதில் சொல்வீர்களோ, அதுதான் உங்கள் சாஃப்ட்வேர் முதலில் செய்ய வேண்டிய வேலை. மற்றதெல்லாம் இரண்டாம் கட்டம். கைநோட்டில் இருந்து நாலு பக்கத்தை செல்போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பேசும்போது தேவைப்படும்.

இனி ஆள். மலையில் வழக்கமாக மூன்று வகை வாய்க்கும். பெங்களூரில் ஐடியில் இருக்கும் சொந்தக்காரப் பையன், கோயம்புத்தூரில் நாலைந்து பேர் வைத்து நடத்தும் சின்னக் கம்பெனி, தனியாக வேலை எடுத்துச் செய்கிற ஒருவர். சொந்தக்காரப் பையன் திறமைசாலியாகவே இருக்கட்டும், ஆனால் அவன் ராத்திரியிலும் ஞாயிற்றுக்கிழமையிலும்தான் செய்வான், தாமதமானால் கடிந்து பேச முடியாது, பேசினால் அடுத்த கல்யாணத்தில் முகம் பார்க்க முடியாது. அவனை வேலைக்கு வைக்காமல் ஆலோசனைக்கு வையுங்கள். மற்றவர்களிடம் பேசும்போது பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள், அதுவே பெரிய உதவி. சின்னக் கம்பெனியா, தனி ஆளா என்றால் நான் கம்பெனி என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல மாட்டேன். கம்பெனியில் பேச வருகிறவர் ஒருவர், எழுதுகிறவர் வேறொருவர், எழுதியவர் ஆறு மாதத்தில் வேறு வேலைக்குப் போய்விடுவார். "என் வேலையை எழுதப் போகிறவர் யார், அவரோடு ஒரு தடவை பேச முடியுமா?" என்று கேட்டுவிடுங்கள். தனி ஆளிடம், "உங்களுக்கு உடம்பு முடியாமல் போனால், வெளிநாட்டு வேலை கிடைத்தால், யார் பார்ப்பார்?" என்று கேளுங்கள். கோபித்துக்கொள்கிறவர் வேண்டாம்.

முதல் சந்திப்பில் ஒன்றைக் கவனியுங்கள்: யார் அதிகம் பேசுகிறார்கள்? வந்தவுடன் லேப்டாப்பைத் திறந்து வேறு யாருக்கோ செய்த அழகான திரைகளைக் காட்டி, ஏஐ, கிளவுட் என்று அடுக்கிவிட்டு விலைப்பட்டியலை நீட்டுகிறவர் உங்கள் வேலையைக் கேட்கவே இல்லை. நல்ல ஆள் தொந்தரவு பண்ணுகிற மாதிரி கேள்வி கேட்பார். எடையைத் தப்பாகப் போட்டுவிட்டால் யார் திருத்தலாம், திருத்தியது பின்னால் தெரிய வேண்டுமா, ஒரே பெயரில் இரண்டு விவசாயிகள் இருந்தால் எப்படி அடையாளம் வைக்கிறீர்கள் என்று. "இது உங்களுக்கு வேண்டாம், எக்செல்லே போதும்" என்று உங்கள் பட்டியலில் ஒன்றையாவது அடித்துவிடுகிறவர் என்றால் இன்னும் நம்பலாம்.

நீங்கள் கேட்க வேண்டியவை சில இருக்கின்றன, இவை நம் ஊருக்கென்றே உள்ளவை. சரிவில் இறங்கினால் சிக்னல் போய்விடும், மழைக்காலத்தில் மரம் விழுந்தால் கரண்ட் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே, இணையம் இல்லாத இடத்தில் பதிவு செய்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். "ஆஃப்லைன்ல ஓடும் சார்" என்ற வாய் வார்த்தையோடு விடாதீர்கள். அவர் முன்பு செய்த ஏதாவது ஒன்றைத் திறக்கச் சொல்லி, போனை ஏரோபிளேன் மோடில் போட்டு, நாலு எடையைப் பதிவு செய்து, போனை அணைத்து மறுபடி போட்டுப் பாருங்கள். நாலும் இருக்கிறதா? அப்புறம் இணையத்தைத் திறந்தால் நாலும் ஒரு தடவை மட்டும் மேலே போகிறதா, எட்டாகப் போகிறதா? இந்த ஒரு சோதனையிலேயே பாதிப் பேரைக் கழித்துவிடலாம்.

அடுத்தது தமிழ் ரசீது. கையடக்க தெர்மல் பிரிண்டர்களில் பெரும்பாலானவற்றுக்குத் தமிழ் எழுத்து உள்ளே கிடையாது, எழுத்தாக அனுப்பினால் கேள்விக்குறியும் கட்டமும்தான் வரும். படமாக மாற்றி அனுப்பினால்தான் ஒழுங்காக அச்சாகும். இதைத் தெரிந்தவர் கேட்ட மாத்திரத்தில் சொல்லிவிடுவார், தெரியாதவர் "பாத்துக்கலாம் சார்" என்பார். தமிழ்ப் பெயர்கள் எல்லாம் யூனிகோடில்தான், அதாவது எல்லாக் கணினியும் படிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டில்தான், சேமிக்கப்பட வேண்டும் என்பதையும் எழுதி வாங்குங்கள். பழைய பாமினி மாதிரி எழுத்துருவில் ஏற்றிவிட்டால் நாளைக்கு வேறு இடத்துக்கு மாற்றும்போது பெயர்ப் பட்டியல் முழுக்க உளறலாகத் தெரியும்.

இன்னொரு கேள்வி, வரி விகிதம் மாறினால் நானே மாற்றலாமா, உங்களைக் கூப்பிட வேண்டுமா? 2025 செப்டம்பர் 22 அன்று ஒரு நாளுக்கு 7,500 ரூபாய் வரையுள்ள அறை வாடகைக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆனது. தன் சாஃப்ட்வேரில் 12 என்று உள்ளேயே எழுதி வைத்திருந்தவர்கள் ஆளைத் தேடி அலைய வேண்டியதுதான். விகிதம் மாற்றக்கூடியதாக இருக்க வேண்டும், ஆனால் மாற்றினால் பழைய பில்கள் பழைய விகிதத்திலேயே நிற்க வேண்டும். இரண்டாவது பாதியைப் பலர் மறந்துவிடுவார்கள்.

அவர் கொடுக்கும் பழைய வாடிக்கையாளர் எண்களைக் கூப்பிடுங்கள். போன மாதம் முடித்த வேலை வேண்டாம், இரண்டு வருடம் ஓடிக்கொண்டிருக்கும் வேலையைக் கேட்டு வாங்குங்கள். "நல்லா பண்ணினாரா?" என்று கேட்டால் எல்லோரும் நல்லா பண்ணினார் என்றுதான் சொல்வார்கள். "கடைசியா எப்போ நின்னுச்சு, போன் எடுத்தாரா, எவ்வளவு நேரத்துல சரியாச்சு?" என்று கேளுங்கள்.

இப்போது நான் அதிகம் அழுத்திச் சொல்ல நினைப்பதற்கு வருகிறேன். நல்ல ஆளைப் பிடிப்பதைவிட, அந்த ஆள் போனாலும் உங்கள் தொழில் நிற்காமல் இருப்பதுதான் பெரிய விஷயம். எனக்குத் தெரிந்த ஒரு இலை ஏஜென்ட் சாஃப்ட்வேரை நன்றாகத்தான் வைத்திருந்தார். எழுதிக் கொடுத்தவர் வெளிநாடு போனார், டொமைன், அதாவது இணைய முகவரி, அவர் பெயரில், தரவு இருக்கும் சர்வர் அவர் கார்டில், ஒரு நாள் புதுப்பிக்காமல் விட்டதும் எல்லாம் போயிற்று. ஏமாற்றியதாகக்கூடச் சொல்ல முடியாது, அவர் மறந்துவிட்டார். ஆகவே டொமைன் உங்கள் மின்னஞ்சலில், சர்வர் கணக்கு உங்கள் பெயரில், உங்கள் கார்டில். ஆண்ட்ராய்டு ஆப் என்றால் பிளே ஸ்டோர் கணக்கும் உங்களுடையது, அதற்கு ஒரே ஒரு தடவை 25 டாலர் கட்டினால் போதும். அவருக்கு உள்ளே வர அனுமதி மட்டும் கொடுங்கள். மூல நிரல், அதாவது சோர்ஸ் கோட், நிரலைச் சேமித்து வைக்கும் தளமான கிட்ஹப்பில் உங்கள் கணக்கில் வாராவாரம் வந்து சேர வேண்டும், கடைசியில் பென்டிரைவில் வாங்கிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள்.

காசு கொடுத்துச் செய்ய வைத்தால் அது நமக்குத்தானே சொந்தம் என்று நினைக்கிறோம். 1957 ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டம், அதாவது காப்பிரைட் சட்டம், அப்படிச் சொல்லவில்லை. உங்களிடம் சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர் எழுதினால் உங்களுக்குச் சொந்தம், வெளியாள் ஒப்பந்தத்தில் எழுதினால் பொதுவாக எழுதியவர்தான் முதல் உரிமையாளர். உரிமை உங்களுக்கு மாற வேண்டும் என்றால் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். அதிலும் எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து வருடம் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். "முழுப் பணம் கொடுத்ததும் நிரலின் உரிமை முழுவதும், காப்புரிமைக் காலம் முடியும் வரை, வாங்கியவருக்கு" என்ற வரியை ஒப்பந்தத்தில் சேருங்கள், ஒரு தடவை வக்கீலிடம் காட்டிக்கொள்ளுங்கள். சிலர் "எங்களோட பொதுவான பகுதிகளை வேற இடத்திலயும் பயன்படுத்துவோம்" என்பார்கள், அது நியாயம்தான், உங்கள் விவசாயிகளின் விவரம் அதில் போகாமல் இருந்தால் சரி.

தரவு பற்றி ஒரு வார்த்தை. மொத்தத்தையும் எக்செல் கோப்பாக எடுக்க ஒரு பொத்தான் வேண்டும், யாரையும் கேட்காமல் நீங்களே அழுத்துகிற மாதிரி. பேக்கப் எடுக்கிறோம் என்று சொன்னால், அந்த பேக்கப்பை வேறொரு கணினியில் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். பெயர், செல் எண், வங்கிக் கணக்கு எல்லாம் வைத்திருப்பதால் 2023 இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உங்களைத் தொடும், யார் யாருக்கு எது தெரியலாம் என்பதை முதலிலேயே பேசிவிடுங்கள்.

பணம். மொத்தத்தையும் முன்கூட்டிக் கேட்கிறவருக்கு வணக்கம் சொல்லிவிடுங்கள், ஒரு ரூபாய்கூட முன்பணம் தராமல் செய்யச் சொல்வதும் நியாயமில்லை. கால்வாசி முன்பணம், எடைப் பதிவு ஓடினால் ஒரு பங்கு, மாதக் கணக்கு சரியாக வந்தால் ஒரு பங்கு, கடைசிப் பங்கு நடைமுறைக்கு வந்து ஒரு முழு மாதப் பட்டுவாடா முடிந்த பிறகு, இப்படிப் பிரிக்கலாம். ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் என்றால் 18 சதவீதம் மேலே வரும், விலை அதைச் சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்டுக்கொள்ளுங்கள். வருடப் பராமரிப்புக்குத் தனிச் செலவு உண்டு. அதில் என்ன அடங்கும், பிழை திருத்தமா, புது வசதியுமா என்பது எழுத்தில் இருக்கட்டும். மூன்று பேரிடம் விலை கேட்டு அதில் ஒருவர் மட்டும் மற்றவர்களின் மூன்றில் ஒரு பங்கு சொன்னால், அவருக்கு வேலை புரியவில்லை என்றே பெரும்பாலும் அர்த்தம். திரும்பக் கூப்பிட்டு உரக் கடன் கழிவதை விளக்கச் சொல்லிப் பாருங்கள்.

எப்போது தொடங்குவது? சுற்றுலாவை நம்பிய தொழில் என்றால் ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம். மலர்க்கண்காட்சி நேரத்தில் அறை பில் போடுகிற பையனுக்குப் புதுத் திரையைக் கற்றுக்கொடுக்க முடியாது, கோயம்புத்தூரிலிருந்து வருகிறவரும் மலைப்பாதை நெரிசலில் பாதி நாளைத் தொலைப்பார். இலை வேலை என்றால் வரத்து குறைகிற மாதத்தில் ஆரம்பியுங்கள். முதல் ஒரு மாதம் நோட்டும் ஓடட்டும், சாஃப்ட்வேரும் ஓடட்டும். இரட்டை வேலை என்று எடை போடும் ஆள் முணுமுணுப்பார், அந்த மாதம் அவருக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்துவிடுங்கள், ஏனென்றால் தப்பு எங்கே வருகிறது என்று முதலில் பார்க்கப் போகிறவர் அவர்தான். மாதக் கடைசியில் இரண்டு கணக்கும் விவசாயி வாரியாக ஒத்துப்போனால் கடைசிப் பங்கைக் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ஒத்துப்போகாத பெயர்கள் இருந்தால் அந்தப் பட்டியலை அப்படியே சாஃப்ட்வேர் எழுதியவருக்கு அனுப்புங்கள், பணம் அதுவரை உங்களிடமே இருக்கட்டும்.