அடகு விதி இறுகினால் மக்களுக்கு ஆகும் செலவைக் கணக்கிடும் முறை

விதி யாரைக் கட்டுப்படுத்துகிறது என்பதை முதலில் பாருங்கள். ரிசர்வ் வங்கியின் ஆணை வங்கிகளையும் நிதி நிறுவனங்களையும் கட்டுப்படுத்துமே தவிர, 1943ஆம் ஆண்டு அடகு பிடிப்போர் சட்டப்படி உரிமம் பெற்ற தெருமுனை அடகுக் கடையை அன்று; ஆகவே அங்கே இறுகினால் கூட்டம் இங்கே நகரும்.

அடுத்து, குறையும் தொகையைக் கணக்கிடுங்கள். ஒரு லட்சம் ரூபாய் மதிப்புள்ள நகைக்கு 85 விழுக்காடு கடன் என்பது 75 ஆகக் குறைந்தால், அந்த 10,000 ரூபாயைக் குடும்பம் வெளியே தேடும். ஐந்து வட்டிக்கு (மாதம் நூற்றுக்கு ஐந்து ரூபாய்) வாங்கினால் ஆண்டுக்கு வட்டியே 6,000 ரூபாய். (சிறு கடன் வாங்குவோருக்கே இந்தச் சுமை அதிகம் என்பதால், 2025 ஜூனில் வந்த இறுதி ஆணை இரண்டரை லட்சம் வரையிலான கடனுக்கு 85 விழுக்காட்டை அனுமதித்தது சரியான முடிவு.)

ஆவணச் செலவையும் சேருங்கள். பாட்டி வழி வந்த சங்கிலிக்கு ரசீது கிடையாது; அதே ஆண்டு ஏப்ரலில் வந்த அவ்வாணையின் வரைவு, நகைக்கு உரிமைச் சான்று கேட்டபோது தமிழகத்தில் எதிர்ப்பு எழுந்தது இதனால்தான்.

கடைசியாக, நன்மையைக் கழியுங்கள்: கடன் முழுதும் அடைத்தபின் நகையைத் திருப்பித் தருவதில் கடன் கொடுத்தவரால் தாமதம் நேர்ந்தால், நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்கிறது அந்த இறுதி ஆணை.