பேண்ட் தொடங்கப் போகிறீர்களா? ஆர்.இ.எம். தவிர்த்த தவறுகள்

நான்கு நண்பர்கள் சேர்ந்து பேண்ட் தொடங்கினால் முதல் சண்டை சுருதியில் வராது. "இந்தப் பாட்டு யாருடையது?" என்பதில்தான் வரும். அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், ஏதென்ஸ் என்ற கல்லூரி ஊரில் 1980-இல் தொடங்கிய ஆர்.இ.எம். என்ற ராக் குழு இதற்கு இடமே வைக்கவில்லை. மெட்டு யாருக்குத் தோன்றினாலும், வரிகளை யார் எழுதினாலும், பாட்டுக்குக் கீழே பெரி, பக், மில்ஸ், ஸ்டைப் என்று நான்கு பெயரும் இருக்கும். பாடகர் மைக்கேல் ஸ்டைப்தான் ஊரறிந்த முகம் ஆனார். டிரம்மர் பில் பெரிக்கும் அதே பங்குதான். பணம் வந்த பிறகு பங்கைப் பேசிக்கொள்ளலாம் என்று பல குழுக்கள் தள்ளிப்போடுகின்றன. காசே இல்லாத காலத்தில் பேசுவது எவ்வளவு சுலபம்!

முழுசாகத் தயாரான பிறகே மேடை ஏறுவோம் என்று காத்திருப்பது இன்னொரு தவறு. இவர்களின் முதல் நிகழ்ச்சி 1980 ஏப்ரல் 5 அன்று, ஒரு பழைய தேவாலயக் கட்டடத்தில், தோழியின் பிறந்தநாள் விருந்தில் நடந்தது. குழுவின் பெயரைக்கூட அகராதியைப் புரட்டிக் கண்ணில் பட்டதிலிருந்துதான் எடுத்தார்கள். பெயருக்கும் லோகோவுக்கும் மாதக்கணக்கில் பட்டிமன்றம் நடத்துபவர்கள் கவனிக்கவும். அப்புறம் பழைய நீல வேன் ஒன்றில் தென் மாநிலங்களைச் சுற்றினார்கள். சாப்பாட்டுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 2 டாலர்.

முதல் பதிவு சரியாக வரவில்லை என்றால் உடைந்துபோக வேண்டாம். 1981-இல் ஹிப்-டோன் என்ற சின்ன நிறுவனம் வெளியிட்ட 'ரேடியோ ஃப்ரீ யூரோப்' இசைத்தட்டின் மாஸ்டரிங் (தட்டில் ஏற்றும் முன் ஒலியைச் சீராக்கும் கடைசி வேலை) கிதார் கலைஞர் பீட்டர் பக்குக்குப் பிடிக்கவே இல்லை. ஒரு பிரதியை உடைத்துச் சுவரில் ஒட்டிவைத்தாராம். பின்னால் அதே பாட்டை மறுபடி பதிவு செய்து முதல் ஆல்பத்தின் தொடக்கத்தில் வைத்தார்கள்.

பெரிய பெயர் என்றால் உடனே தலையாட்டுவதுதான் என் பார்வையில் மிக மோசமான தவறு. ஆர்.சி.ஏ. என்ற பெரிய இசைத்தட்டு நிறுவனம் ஆர்வம் காட்டியும் இவர்கள் சிறிய ஐ.ஆர்.எஸ்.-ஐத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கேயும் சிக்கல் வந்தது. முதல் ஆல்பத்துக்கு ஸ்டீஃபன் ஹேக் என்ற தயாரிப்பாளரை நிறுவனம் அமர்த்தியது. அவர் துல்லியம் பார்ப்பவர். டிரம்மர் பெரியைத் திரும்பத் திரும்ப வாசிக்க வைத்தார், பாட்டில் சின்தசைசரையும் சேர்த்தார். குழுவுக்கு ஒட்டவில்லை. ஆனால் கோபித்துக்கொண்டு வெளியேறவில்லை. தங்களுக்குப் பழக்கமான தயாரிப்பாளர் மிட்ச் ஈஸ்டர், அவருடைய கூட்டாளி டான் டிக்ஸன் இருவரோடும் ஒரே ஒரு பாட்டைப் பதிவு செய்து பார்க்க அனுமதி கேட்டார்கள். அதைக் கேட்ட பிறகு நிறுவனமே இறங்கி வந்தது. ஒப்பந்தத்தை நீட்டி வாதாடியிருந்தால் இது நடந்திருக்குமா என்பது சந்தேகமே.

அப்படி வந்த 'மர்மர்' 1983-இல் வெளியானது. 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகை அதை அந்த ஆண்டின் சிறந்த ஆல்பமாக அறிவித்தது. விற்பனைப் பட்டியலிலோ 36-ஆம் இடம்தான். சரி, பாராட்டு வந்தும் பணம் வரவில்லையே என்று இந்த இடத்தில்தான் பல குழுக்கள் பாணியை மாற்றுகின்றன, அல்லது ஆளை மாற்றுகின்றன. இவர்கள் இரண்டையும் செய்யாமல் ஆண்டுக்கு ஓர் ஆல்பம் போட்டார்கள். முதல் பத்து இடங்களுக்குள் நுழைந்தது ஐந்தாவது ஆல்பமான 'டாக்யுமென்ட்', 1987-இல். அதிலும் அதே நான்கு பெயர்கள்தான்.