ஸ்கேனர் காட்டியதும் சென்சாரைக் கழற்றாதீர்கள்

பயிற்சிக்கு வந்திருக்கும் இளைஞர் ஒருவர் புது ஆக்சிஜன் சென்சாரோடு (புகையில் மிச்சமுள்ள ஆக்சிஜனை அளப்பது) காருக்கு அடியில் படுத்திருந்தார். காரணம் கேட்டேன். "பி0171 வருகிறது, அண்ணா" என்றார். கணினியில் பதிவாகி ஸ்கேனரில் தெரியும் பழுதுக் குறியீடு அது. தொழிலுக்கு வந்த புதிதில் நானும் அதே குறியீட்டுக்கு அதே சென்சாரை மாற்றினேன். பிறகு பெட்ரோலைப் பீச்சும் இன்ஜெக்டர்களையும் மாற்றினேன். டாஷ்போர்டில் இன்ஜின் விளக்கு மறுபடி எரிந்தது. வண்டிக்காரரின் பணம் போனது போனதுதான்.

கலவை மெலிந்தால் சென்சார் மேல் பழி போடுவது

இன்றும் எனக்குக் கோபம் வருவது இதில்தான். பி0171 சொல்வது, உள்ளே வரும் காற்றுக்குப் பெட்ரோல் போதவில்லை என்பது மட்டுமே. அதைக் கண்டு சொன்னதே அந்த ஆக்சிஜன் சென்சார்!

காற்று வரும் வழியைப் பாருங்கள். ஃபில்டரைத் தாண்டியதும் காற்றளவு சென்சார். அதன் சூடான கம்பி எவ்வளவு குளிர்கிறது என்பதை வைத்துக் காற்றின் எடையைக் கணினி அறிகிறது. 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்ற கணக்கை ஒட்டி, இன்ஜெக்டர் எத்தனை மில்லிவினாடி திறக்க வேண்டும் என்று தீர்மானிக்கிறது. அந்த சென்சாருக்கு அப்பால் ரப்பர் குழாய் கிழிந்திருந்தால், அங்கே நுழையும் காற்று கணக்கில் வராது. நான் கோட்டைவிட்ட வண்டியில் விரிசல் குழாயின் மடிப்புக்குள் இருந்தது. விரலால் விரித்த பிறகே தெரிந்தது.

முதலில் ஸ்கேனரில் ஃபியூவல் டிரிம்மை, அதாவது கணினி பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது அல்லது குறைக்கிறது என்ற எண்ணைப் பாருங்கள். ஐடிலில் (ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) பிளஸ் 20 சதவீதத்தைத் தாண்டி, நிமிடத்துக்கு 2,500 சுற்றில் பூஜ்யத்தை நெருங்கினால் காற்றுக் கசிவைத் தேடுங்கள். ஐடிலில் இன்ஜின் இழுக்கும் காற்றே குறைவு. அதனால் கசிவின் பங்கு பெரிதாகத் தெரிகிறது. மாறாக, சுற்றோடு எண்ணும் ஏறினால் பெட்ரோல் பம்பையோ அழுக்கேறிய காற்றளவு சென்சாரையோ சந்தேகியுங்கள். (காற்றளவு சென்சார் இல்லாமல், இன்டேக் குழாயின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் மட்டும் உள்ள இன்ஜின்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே கசிவு பெரும்பாலும் ஐடிலை உயர்த்தும்.)

குறியீட்டை அழித்தால் கணினி கற்றுவைத்த திருத்தமும் அழிந்துவிடும். விளக்கு சிறிது நேரம் எரியாது. பழுது தீர்ந்ததாக நம்பி வண்டியை ஒப்படைப்பது அப்போதுதான்.

சூடான கம்பியில் கார்புரேட்டர் கிளீனர்

வேண்டாம். காற்றளவு சென்சாருக்கென்றே தனி கிளீனர் உண்டு.

மோட்டார் த்ராட்டிலை விரலால் தள்ளுவது

த்ராட்டில் என்பது காற்று வரும் வழியில் உள்ள தகடு; அதைத் திறப்பது மோட்டார். கையால் தள்ளினால் உள்ளே பற்சக்கரம் உடையலாம்.

நேரடி இன்ஜெக்ஷன் குழாயை அவசரமாகத் தளர்த்துவது

சிலிண்டருக்குள் நேராகப் பெட்ரோலைப் பீச்சும் இன்ஜின்களின் குழாய் இது. ஓடும்போது அதில் அழுத்தம் 100 பாருக்கும் மேல் ஏறும். அந்தப் பீச்சல் தோலைத் துளைத்து உள்ளே போகும். இன்ஜினை நிறுத்தி, அழுத்தம் இறங்கிவிட்டதை ஸ்கேனரில் பார்த்த பிறகே ஸ்பேனரை எடுங்கள்.