வார்டில் நிலை மோசமாகும் நோயாளியைக் கவனிக்கச் செவிலிய மாணவர்களைப் பழக்குவது எப்படி?

அவசரகாலப் பயிற்சி என்றால் இதயம் நின்றுவிட்ட நோயாளியிடமிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நான் நெடுநாள் நினைத்திருந்தேன். பொம்மையைக் கட்டிலில் கிடத்துவேன், நாடி இல்லை என்று அறிவிப்பேன், மாணவர்கள் ஓடிவந்து மார்பை அழுத்துவார்கள். அழுத்துவதில் நன்றாகவே தேறினார்கள். ஆனால் அதே மாணவர்கள் வார்டுக்குப் போனபோது, மூச்சு வாங்கிக்கொண்டு தலையணையில் சாய்ந்திருந்த நோயாளியைக் கடந்துபோய் அடுத்த கட்டிலில் டிரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள். வார்டில் இதயம் நிற்பதற்குப் பல மணி நேரம் முன்பே மூச்சும் நாடியும் நினைவும் மாறத் தொடங்கியிருப்பது பெரும்பாலும் உண்டு. அந்த மணி நேரங்களை நான் பயிற்சியில் சேர்க்கவே இல்லை.

அதன் பிறகு மாற்றியமைத்த முறையைத்தான் இங்கே எழுதுகிறேன். பி.பி. பார்ப்பது, மாஸ்க் பொருத்துவது, ஊசி போடுவது ஆகியவை உங்கள் மாணவர்களுக்கு ஏற்கெனவே தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: கதைக்கு முன்னால் எண்கள்

பலரும் கதையைத்தான் முதலில் எழுதுகிறார்கள். நோயாளியின் குடும்பம், பழைய வியாதிகள் என்று இரண்டு பக்கம் நிரம்பிவிடும். எந்த நிமிடத்தில் எது மாற வேண்டும் என்பது மட்டும் அதில் இருக்காது. ஒரு தாளில் இரண்டு வரிசை எண்கள் போதும். என் தாளில் இருப்பவர் வயிற்று அறுவை சிகிச்சை முடிந்து இரண்டாம் நாளில் இருக்கும் 54 வயதுப் பெண். "ஒரு மாதிரியாக இருக்கிறது" என்பதைத் தவிர அவராக எதுவும் சொல்லமாட்டார். தொடக்கத்தில் மூச்சு நிமிடத்துக்கு 22, ஆக்சிஜன் செறிவு 95 சதவீதம், நாடி 104, சிஸ்டாலிக் அழுத்தம் (பி.பி.-யின் மேல் எண்) 112, உடல் வெப்பம் 38.2 டிகிரி செல்சியஸ், நினைவு தெளிவு. ஐந்தாம் நிமிடத்தில் மூச்சு 26, செறிவு 93, நாடி 118, அழுத்தம் 98, வெப்பம் 38.4, கூடவே, இன்று என்ன கிழமை என்பதில் குழப்பம்.

இந்த எண்களைக் குத்துமதிப்பாக எடுக்கவில்லை. பிரிட்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-இல் வெளியிட்டு 2017-இல் திருத்திய, நிலை மோசமாவதை முன்கூட்டியே எச்சரிக்கும் 'நியூஸ் 2' மதிப்பெண் அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினேன். அதில் ஒவ்வோர் அளவீடும் இயல்பிலிருந்து விலகும் தூரத்துக்கு ஏற்ப 3 வரை மதிப்பெண் பெறும். கூட்டுத்தொகை 5 ஆகிவிட்டால் நோயாளியை அவசரமாக வந்து பார்க்க வேண்டும், 7-ஐத் தொட்டால் தீவிர சிகிச்சையில் தேர்ந்த குழுவே வர வேண்டும். என் நோயாளியின் முதல் வரிசை சரியாக 5, இரண்டாம் வரிசை 13. முதல் வரிசையை 5-இல் நிறுத்தியது வேண்டுமென்றே செய்தது. காரணம் மூன்றாம் படியில் தெரியும். உங்கள் மருத்துவமனையில் வேறு அட்டவணை இருந்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் மாணவர்கள் நாளை வார்டில் நிரப்பப்போகும் தாளைத்தான் இன்று பயிற்சியிலும் நிரப்ப வேண்டும்.

படி 2: பொம்மையா, ஆளா?

கணினியால் இயங்கி, மூச்சுவிட்டு, கண்சிமிட்டும் பொம்மைகள் அருமையானவைதான். ஆனாலும் தொடக்கநிலை மாணவர்களின் இந்தப் பயிற்சிக்கு அவை தேவையில்லை என்பதே என் கருத்து. அவற்றோடு வரும் மானிட்டர் எல்லா எண்களையும் திரையில் போட்டுவிடுவதால், மாணவர்கள் நோயாளிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரையையே பார்க்கிறார்கள். நோயாளியாக நடிக்க ஓர் ஆளும், கேட்ட அளவீட்டை மட்டும் காட்டுவதற்கு எழுதிவைத்த அட்டைகளும் எனக்குப் போதுமானவையாக இருக்கின்றன. நாடியைத் தொட்டுப் பார்த்தவருக்குத்தான் நாடி அட்டை, தொடாதவருக்கு இல்லை.

மார்பு அழுத்தத்துக்கு மட்டும் ஒரு மார்பளவுப் பொம்மை வேண்டும். 1960-இல் நார்வேயின் ஆஸ்மண்ட் லேர்டால் கொண்டுவந்த 'ரெசஸி ஆன்' பொம்மையின் வழிவந்த எளிய வகை எதுவானாலும் சரி, போதிய ஆழம் அழுத்தினால் 'டிக்' என்று ஒலிப்பதாகப் பார்த்துக்கொள்ளுங்கள். ஆழம் 5 முதல் 6 செ.மீ., வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120, 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு, 2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆள்மாற்றம் என்பவை எல்லோரும் அறிந்தவை. நடிப்பவர் மீது மார்பு அழுத்தமோ, ஊசியோ, மின்அதிர்ச்சியோ எக்காரணம் கொண்டும் கூடாது. இதயம் நிற்கும் கட்டம் வந்தால் ஆளை எழுப்பிவிட்டுப் பொம்மைக்கு மாறுங்கள்.

பயிற்சி மருந்துகளிலும் உப்புநீர்ப் பைகளிலும் 'பயிற்சிக்கு மட்டும்' என்று கொட்டை எழுத்தில் எழுதித் தனி அலமாரியில் பூட்டி வையுங்கள். இது மிகையான எச்சரிக்கை அன்று. பயிற்சிக்கென்றே செய்யப்பட்ட உப்புநீர்ப் பைகள் 2014-இல் அமெரிக்காவில் உண்மையான நோயாளிகளுக்கு ஏற்றப்பட்டு, அவர்களில் பலருக்குக் காய்ச்சலும் குளிர்நடுக்கமும் வந்தன.

படி 3: மூச்சை எண்ணவைத்தல்

நான் சறுக்கிய இடம் இது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். முதல் சுற்றில் 8 மாணவர்கள் தனித்தனியாக நோயாளியைப் பார்த்துத் தாளை நிரப்பினார்கள். நடித்தவர் நிமிடத்துக்கு 22 மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். தாள்களை மேசையில் வரிசையாகப் பரப்பியபோது மூச்சுக் கட்டத்தில் இருந்தவை: 18, 18, 20, 18, 16, 20, 18, 18. மற்ற எண்கள் எல்லாம் ஏறத்தாழச் சரி. மூச்சை மட்டும் ஒருவரும் எண்ணவில்லை. பார்வைக்கு அமைதியாக இருக்கும் நோயாளிக்கு வார்டில் வழக்கமாக எழுதப்படும் எண்ணை எழுதிவிட்டார்கள்.

'நியூஸ் 2' அட்டவணையில் 12 முதல் 20 வரை மூச்சுக்கு 0 மதிப்பெண், 21 முதல் 24 வரை 2. ஆகவே 22 என்பது 18 ஆனதும் கூட்டுத்தொகை 5-இலிருந்து 3-க்கு இறங்கிவிடுகிறது. மருத்துவரை அவசரமாக அழைத்திருக்க வேண்டிய நோயாளி, 4 முதல் 6 மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தால் போதும் என்ற வகைக்குப் போய்விடுகிறார். இதைக் கரும்பலகையில் இரண்டு கூட்டல் கணக்காகப் போட்டுக் காட்டியபோது, வகுப்பில் அதுவரை இருந்த சலசலப்பு நின்றது.

முதலில் மாணவர்களைத்தான் கடிந்துகொண்டேன். பிறகு நானே கட்டிலின் கால்மாட்டில் நின்று எண்ணிப்பார்த்தேன், என்னாலும் முடியவில்லை. நடித்தவருக்குக் கழுத்துவரை போர்த்தியிருந்தேன், அதோடு எல்லா அளவீடுகளுக்கும் சேர்த்து 3 நிமிடம்தான் கொடுத்திருந்தேன். எண்ண முடியாத ஏற்பாட்டைச் செய்துவைத்துவிட்டு, எண்ணவில்லை என்று குறைசொன்னது என் பிழை.

இப்போது காட்சிக்கு முன்பாகவே இதற்கென்று அரை மணி நேரம் ஒதுக்குகிறேன். இருவர் இருவராகப் பிரிந்து, ஒருவர் படுத்துக்கொள்ள மற்றவர் எண்ணுவார். தன் மூச்சை ஒருவர் கவனிக்கிறார் என்று தெரிந்தாலே மூச்சின் போக்கு மாறிவிடும் என்பதால், நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்து, அந்தக் கையை நோயாளியின் மார்பின் குறுக்கே சாய்த்து வைத்துக்கொண்டு, கை ஏறி இறங்குவதை எண்ண வேண்டும். முழுதாக 60 விநாடி எண்ண வேண்டும். 15 விநாடி எண்ணி 4-ஆல் பெருக்கும் குறுக்குவழியை நான் அனுமதிப்பதில்லை. 22 மூச்சு விடுபவரிடம் 15 விநாடியில் 5 மூச்சோ 6 மூச்சோதான் கிடைக்கும். பெருக்கினால் 20 அல்லது 24. முன்னதற்கு 0 மதிப்பெண், பின்னதற்கு 2. நானும் கூடவே எண்ணுவேன். 2-க்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி முதலிலிருந்து.

கருவியைப் பொறுத்தவரை, விநாடி முள் உள்ள கடிகாரமே என் தேர்வு. மார்பில் குத்திக்கொள்ளும் செவிலியர் கடிகாரம் இன்னும் நல்லது, இரண்டு கையும் நோயாளிக்குக் கிடைக்கும். செல்பேசியின் ஸ்டாப்வாட்ச்சைத் திறக்கும் மாணவர் குறுஞ்செய்தியையும் பார்த்துவிடுகிறார்.

படி 4: ஏ முதல் இ வரை

மூச்சுப்பாதை, மூச்சு, ரத்த ஓட்டம், நினைவு, உடலைத் திறந்து பார்த்தல் (ஆங்கில எழுத்துகளில் முறையே ஏ, பி, சி, டி, இ) என்ற வரிசையை மாணவர்கள் மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். ஒப்பிப்பதுதான் சிக்கல். ஓர் எழுத்தில் கண்ட கோளாறுக்கு உரிய முதல் நடவடிக்கையை எடுக்காமல் அடுத்த எழுத்துக்குப் போகக்கூடாது என்பதே இந்த முறையின் உயிர். ஆகவே நான் ஒரு விதி வைத்திருக்கிறேன்: செறிவு 93 என்று சொன்னவரின் கையில் அடுத்த அரை நிமிடத்துக்குள் ஆக்சிஜன் மாஸ்க் இருக்க வேண்டும், நோயாளியை நிமிர்த்தி உட்காரவைத்திருக்க வேண்டும். பை வைத்த மாஸ்க்கை எடுத்தால், நிமிடத்துக்கு 15 லிட்டர் வைத்து, பை நிரம்பிய பிறகே முகத்தில் பொருத்த வேண்டும்.

'டி'-யில் ரத்தச் சர்க்கரையை மறக்கிறார்கள். 'இ'-யைக் கூச்சத்தால் தாண்டிவிடுகிறார்கள். அதனால்தான் என் நோயாளியின் வயிற்றுக் காயக் கட்டின் மீது மஞ்சள் கசிவைப் பூசிவைக்கிறேன். போர்வையை விலக்கிப் பார்த்தவருக்கு மட்டும் அது தெரியும். பார்த்து முடித்ததும் மறுபடி போர்த்த வேண்டும்.

படி 5: போனை எடுத்தல்

அழைக்கும்போது பேச வேண்டிய முறையாக 'எஸ்பார்' கற்பிக்கப்படுகிறது: நிலைமை, பின்னணி, மதிப்பீடு, பரிந்துரை. அமெரிக்கக் கடற்படையின் அணு நீர்மூழ்கிக் கப்பல்களில் வழங்கிய முறை இது. கைசர் பெர்மனென்டே என்ற அமெரிக்க மருத்துவச் சேவை நிறுவனத்தின் வழியாக மருத்துவத்துக்கு வந்தது. தேர்வில் நான்கையும் பிழையின்றி எழுதும் மாணவி, போனைக் கையில் எடுத்ததும் இப்படித்தான் பேசுகிறார்: "டாக்டர், இவங்களுக்கு ரெண்டு நாளைக்கு முன்னாடி ஆபரேஷன் ஆச்சு, நேத்து நல்லா இருந்தாங்க, இப்ப கொஞ்சம் ஒரு மாதிரியா இருக்காங்க." மறுமுனையில், "சரி, பாராசிட்டமால் குடுங்க, அப்புறம் பாக்கறேன்." மாணவி, "சரி டாக்டர்." அவ்வளவுதான், காட்சி முடிந்துவிடுகிறது.

ஓராண்டு முழுவதும் மருத்துவர் வேடத்தை நானே போட்டேன், யார் எப்படி அழைத்தாலும் "இதோ வருகிறேன்" என்றேன். மறுக்கப்பட்டால் என்ன சொல்வது என்பதை அவர்கள் பழகவே இல்லை. இப்போது வேறொருவருக்கு அந்த வேடத்தைக் கொடுத்து, முதல் அழைப்பில் "நான் ஆபரேஷன் தியேட்டரில் இருக்கிறேன்" என்று தட்டிக்கழிக்கச் சொல்லியிருக்கிறேன். மாணவர்களிடம் நான் எதிர்பார்ப்பது, வேண்டுகோள் முதல் மூன்று வாக்கியங்களுக்குள் வந்துவிட வேண்டும் என்பது: "அறுவை சிகிச்சை வார்டிலிருந்து பேசுகிறேன், டாக்டர். 6-ஆம் கட்டில் நோயாளியின் மதிப்பெண் 5. நீங்கள் இப்போது வந்து பார்க்க வேண்டும்." மறுப்பு வந்தால் குரலை உயர்த்தாமல் எண்களை உயர்த்த வேண்டும்: "மூச்சு 22-இலிருந்து 26 ஆகிவிட்டது, குழப்பமாகப் பேசுகிறார், மதிப்பெண் 13. உங்களால் வர முடியாவிட்டால் நான் யாரை அழைக்கட்டும்?" இந்தக் கடைசிக் கேள்வியைத் தயங்காமல் கேட்கப் பெரும்பாலானவர்களுக்கு மூன்று நான்கு முறை ஒத்திகை தேவைப்படுகிறது.

மருத்துவர் சொன்ன அளவைத் திருப்பிச் சொல்லிச் சரிபார்ப்பதையும் இங்கேயே பழக்குங்கள். 'ஃபிஃப்டீன்', 'ஃபிஃப்டி' என்ற இரண்டும் போனில் ஒன்றுபோல் கேட்கும், "ஒன்று, ஐந்து, பதினைந்து" என்று இலக்கம் இலக்கமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும்.

படி 6: முடிந்ததும் பேசுதல்

காட்சி 10 நிமிடம் என்றால், பேச்சுக்குக் குறைந்தது 20 நிமிடம் வையுங்கள். கட்டிலை விட்டு விலகி, வட்டமாக உட்கார்ந்து பேசுங்கள். முதலில் மனத்தில் இருப்பதைக் கொட்டவிடுங்கள். அதற்கு முன் எதைச் சொன்னாலும் காதில் ஏறாது. பிறகு, "ஏன் அழைக்கவில்லை?" என்று கேட்காமல், "நான்காம் நிமிடத்தில் நீ என்ன பார்த்தாய், அதை என்னவென்று நினைத்தாய்?" என்று கேளுங்கள். ஒருமுறை என் பேச்சை நானே பதிவுசெய்து கேட்டேன். 20 நிமிடத்தில் 14 நிமிடம் நான்தான் பேசியிருந்தேன். பேசி முடித்த கையோடு அதே காட்சியை அன்றே இன்னொரு முறை ஓட்டுங்கள். புதுக்காட்சி எழுதும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

பின்சேர்க்கை 1: நோயாளியாக நடித்த மாணவிக்கு வேகமாக மூச்சுவிட்டதில் தலைசுற்றி விரல்கள் மரத்துப்போயின என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். தேவைக்கு மேல் மூச்சுவிட்டால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து இப்படி ஆகும். இதை நான் முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். நடிப்பவர் ஆழமின்றி மேலோட்டமாக, எண்ணப்படும் அந்த ஒரு நிமிடம் மட்டும் வேகமாக மூச்சுவிட்டால் போதும். 26-க்கு நடிக்கவைக்காமல் அட்டையைக் காட்டிவிடுங்கள்.

பின்சேர்க்கை 2: மாணவி நேரடியாக மருத்துவரை அழைக்கும் வழக்கம் தங்கள் இடத்தில் இல்லை என்று இருவர் சுட்டிக்காட்டினார்கள். சரியான கேள்வி. அப்படியானால் போன் காட்சிக்கு முன் பொறுப்புச் செவிலியர் வேடம் ஒன்றைச் சேர்த்து, அவரைக் கைவேலையில் மும்முரமாக வையுங்கள். மாணவி அவரிடம் அதே மூன்று வாக்கியங்களைச் சொல்ல வேண்டும். வாய்மொழி உத்தரவை அந்தச் செவிலியர்தான் வாங்க வேண்டும், மாணவி வாங்கக்கூடாது.

பின்சேர்க்கை 3: 40 பேர் உள்ள வகுப்பில் என்ன செய்வது என்ற கேள்வி பலமுறை வந்துவிட்டது. கட்டிலருகே 4 பேர். மற்றவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கக்கூடாது. ஒருவர் மூச்சு எண்ணப்பட்ட நேரத்தைக் குறிப்பார், ஒருவர் ஆக்சிஜன் கொடுத்த நேரத்தை, ஒருவர் போன் எடுத்த நேரத்தை. மதிப்பெண் 5 என்று தெரிந்ததிலிருந்து முதல் அழைப்பு போகும்வரை எத்தனை நிமிடம் என்பதைப் பலகையில் எழுதிவையுங்கள். இரண்டாம் சுற்று முடிந்ததும் அதன் பக்கத்திலேயே புது எண்ணை எழுதுங்கள்.